இடுப்பெலும்பின் மேடும் பள்ளமும்

இடுப்பெலும்பை முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான் பிடித்தேன். முதலாண்டு வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் மேசைமேல் கிடந்த எலும்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வலதா இடதா? உடம்புல எப்படி இருக்குமோ அப்படிப் பிடிச்சுச் சொல்லுங்க" என்றார். மேலே விசிறி மாதிரி அகன்று, நடுவில் இறுகி, கீழே ஒரு பெரிய ஓட்டையோடு மறுபடி விரியும் அந்த எலும்பில் எது முன், எது பின் என்றே பிடிபடவில்லை. மனப்பாடம் செய்திருந்த முப்பது நாற்பது பெயர்கள் தொண்டையில் நின்றன. எலும்பு மட்டும் கையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய லத்தீன் நூல்களிலேயே இதற்குப் 'பெயரற்ற எலும்பு' என்றுதான் பெயர். மற்ற எலும்புகளை எதையாவது பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். காரை எலும்பு சாவி, கெண்டைக்கால் வெளி எலும்பு கொக்கி ஊசி என்று. இது எதைப் போலவும் இல்லை.

பிடிப்பதற்கு ஒரு விதி உண்டு. எலும்பைச் சுவரோரம் கொண்டுபோங்கள். விசிறியின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் முனையும், கீழே முன்பக்கம் பியூபிஸ் எனப்படும் பகுதியில் இருக்கும் சிறு குமிழும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். தொடை எலும்பு பொருந்தும் கிண்ணம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இப்படிப் பிடித்ததும் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும்: இடுப்புக்கூடு நாம் நினைப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்த சட்டி அல்ல, முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த சட்டி. பியூபிஸின் உட்புறம் பின்னோக்கி மட்டுமல்ல, மேல்நோக்கியும் பார்க்கிறது. சிறுநீர்ப்பை அதன்மேல் சாய்ந்திருக்கிறது.

இந்த எலும்பில் இருக்கும் மேடு, பள்ளம், கோடு, முள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு இழுப்போ அழுத்தமோ காரணம். தசை இழுக்கும் இடத்தில் கோடு விழுகிறது, லிகமென்ட் கட்டும் இடத்தில் முள் நீள்கிறது, எடை இறங்கும் வழியில் எலும்பு தடிக்கிறது. எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பட்டியல் போட்டுப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். எது எதை எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்த்தால் பட்டியல் தேவைப்படாது. இது எனக்குத் தேர்வு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் இது ஒரே எலும்பு இல்லை. மேலே விசிறிபோல் விரிவது இலியம். கீழே பின்பக்கம், நாம் உட்காரும்போது தரையைத் தொடும் பகுதி இஸ்கியம். கீழே முன்பக்கம் இருப்பது பியூபிஸ். மூன்றும் கிண்ணத்தின் நடுவில் சந்திக்கின்றன. குழந்தையின் எக்ஸ்ரேயில் அந்தச் சந்திப்பு ஒய் எழுத்து வடிவில் கறுப்பாகத் தெரியும், அது குருத்தெலும்பு. 14 முதல் 17 வயதுக்குள் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். கிண்ணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே பியூபிஸ். மீதியை இலியமும் இஸ்கியமும் பாதிப்பாதி பகிர்ந்துகொள்கின்றன. கிண்ணத்துக்கு அசிட்டாபுலம் என்று பெயர். ரோமானியர்கள் சாப்பாட்டு மேசையில் வினிகர் ஊற்றி வைக்கும் சிறு கிண்ணத்தின் பெயர் அது.

அந்தக் கிண்ணமும் முழுக்க வழவழப்பாக இல்லை. குதிரை லாடம்போல் ஒரு பட்டை மட்டும்தான் குருத்தெலும்பு போர்த்தி, தொடை எலும்பின் பந்தைத் தாங்குகிறது. லாடத்தின் வாய் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். அதைக் குறுக்கே ஒரு லிகமென்ட் மூடுகிறது. விளிம்பைச் சுற்றி லாப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் இருந்து பந்தைக் கவ்விப் பிடிக்கிறது. லாடம் மேற்பகுதியில்தான் மிக அகலம். நிற்கும்போது எடை இறங்குவது அங்கேதான்.

ஒரு சின்னச் சொல் விளக்கம். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். எலும்பையும் எலும்பையும் கட்டுவது லிகமென்ட். இரண்டையும் சேர்த்து 'நரம்பு' என்று சொல்வது நம் ஊர் வழக்கம்; "நரம்பு இழுத்துக்கிச்சு" என்றால் முக்கால்வாசி நேரம் அது நரம்பே இல்லை.

'இடுப்பு' என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. கீழ்முதுகு, இடை, தொடை மூட்டு, ஏன் பிரசவ வேதனைகூடத் தமிழில் இடுப்பு வலிதான். அதனால் இடுப்பு வலி என்று வருபவரிடம் முதல் கேள்வி, "ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்பதாகத்தான் இருக்க வேண்டும். தொடை மூட்டில் கோளாறு உள்ளவர் பெரும்பாலும் பக்கவாட்டில் கைவைப்பதில்லை, தொடை இடுக்கில் காட்டுவார்.

சரி, மேலிருந்து தொடங்கலாம். இடுப்பில் கைவைத்து நின்றால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தட்டுப்படும் வரப்புதான் இலியத்தின் மேல்விளிம்பு. தண்ணீர்க் குடமும் பிள்ளையும் உட்காரும் இடம் இதுவே. வேட்டியும் புடவையும் அரைஞாணும் நழுவாமல் நிற்பதும் இந்த வரப்பு இருப்பதால்தான். வரப்பின் அகலத்தில் வயிற்றுச் சுவரின் மூன்று தசை அடுக்குகளும் ஒன்றன் உள்ளே ஒன்றாக ஒட்டியிருக்கின்றன: வெளி ஓரத்தில் வெளிச்சாய்வுத் தசை, நடுவில் உட்சாய்வுத் தசை, உள் ஓரத்தில் குறுக்குத் தசை. பின்பக்கம் போனால் முதுகிலிருந்து இறங்கும் லாட்டிசிமஸ் டோர்சியின் ஒரு பகுதியும், கடைசி விலா எலும்புக்கும் இந்த வரப்புக்கும் நடுவில் நிற்கும் குவாட்ரேட்டஸ் லம்போரமும் வந்து சேர்கின்றன. குடத்தைச் சுமக்கும் பெண் எதிர்ப்பக்கம் சாய்ந்து நடக்கிறாளே, அப்போது எதிர்ப்பக்கத்துக் குவாட்ரேட்டஸ்தான் அந்தச் சாய்வைக் கட்டிக்காக்கிறது.

இரண்டு பக்க வரப்புகளின் உச்சியையும் முதுகின் குறுக்கே ஒரு கோடாக இணைத்தால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும் மயக்க மருத்துவர், விரல்களால் இரு பக்கமும் தொட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். வரப்பு பின்னால் முடியும் முனைக்கு மேலே தோல் குழிந்து, முதுகின் அடியில் இரண்டு பள்ளங்களாகத் தெரியும். எலும்பு மஜ்ஜை எடுக்க ஊசி இறங்குவது அந்த முனையில். தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது, பக்கத்தில் பயப்படும்படி பெரிய ரத்தக்குழாய் இல்லை, வேறென்ன வேண்டும்.

இனி எலும்பின் வெளிமுகம். இதில் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மனிதன் இரண்டு காலில் நடக்கும் கதை முழுக்க இந்த முகத்தில்தான் எழுதியிருக்கிறது. இலியத்தின் வெளிப்புறத்தில் மூன்று வளைகோடுகள் மங்கலாக ஓடுகின்றன. பின்கோட்டுக்குப் பின்னால் குளூட்டியஸ் மேக்சிமஸ், பின்கோட்டுக்கும் முன்கோட்டுக்கும் நடுவில் குளூட்டியஸ் மீடியஸ், முன்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் குளூட்டியஸ் மினிமஸ். மேக்சிமஸ் பெரிய பிட்டத் தசை; படி ஏறவும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவும் அது வேண்டும். சமதரையில் மெல்ல நடக்க அதற்குப் பெரிய வேலை கிடையாது. அந்த வேலையின் பாரம் மீடியஸும் மினிமஸும் சுமப்பது.

நடை என்பது மாறி மாறி ஒற்றைக்காலில் நிற்பது. வலது கால் தரையில் இருக்கும்போது இடது பக்கம் தொங்கிக் கீழே விழ வேண்டும். விழாமல் இருக்கக் காரணம், வலது பக்க மீடியஸ் தொடை எலும்பின் வெளிமேட்டைப் பிடித்துக்கொண்டு இலியத்தைக் கீழே இழுப்பதுதான். கடைகளில் முன்பு வெள்ளிக்கோல் இருந்தது. பிடிமானத்துக்கு அருகில் பெரிய சுமை, தொலைவில் சின்ன எடை, இரண்டும் சமம். இங்கேயும் அதே கணக்கு, ஆனால் நமக்குப் பாதகமாக. பிடிமானம் தொடை மூட்டு. தசை அதற்கு அருகில் இருக்கிறது. உடம்பின் எடையோ அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. 60 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்வோம். தரையில் ஊன்றிய காலைக் கழித்தால் மூட்டுக்கு மேல் சுமார் 50 கிலோ. அதைச் சமன்செய்யத் தசை சுமார் 100 கிலோ இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டின்மேல் 150 கிலோ. ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையின் இரண்டரை மடங்கு.

இதிலிருந்து நேரடியாக ஒரு பயன் கிடைக்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலிக்கும் பக்கத்துக் கையில் என்றுதான் பெரும்பாலோர் பிடிக்கிறார்கள். தவறு. வலது மூட்டு வலித்தால் கோல் இடது கையில். மூட்டிலிருந்து அந்தக் கோலுக்கு உள்ள தொலைவு, தசைக்கு உள்ள தொலைவைப்போல் பல மடங்கு. அதனால் கோலில் கொடுக்கும் ஒவ்வொரு கிலோ அழுத்தமும் தசைக்குப் பல கிலோ வேலையை மிச்சப்படுத்தும். தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் நம்ப மாட்டார்கள்.

மீடியஸ் பலவீனமானாலோ, அதற்குப் போகும் நரம்பு கெட்டாலோ, ஒற்றைக்காலில் நிற்கும்போது எதிர்ப்பக்கம் இறங்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்த அடையாளம் இது. இறங்காமல் தடுக்க ஆள் மேலுடம்பை ஊன்றிய காலின் பக்கம் சாய்ப்பார். இரண்டு பக்கமும் அப்படியென்றால் வாத்து நடை.

சிம்பன்ஸிக்கு இலியம் நெட்டையாக, தட்டையாக, முதுகோடு ஒட்டிப் பின்னோக்கி நிற்கிறது. அதன் மீடியஸ் தசை பின்பக்கம் இருப்பதால் பெரும்பாலும் தொடையைப் பின்னால் இழுக்கவே பயன்படும். அதனால்தான் அது இரண்டு காலில் நடந்தால் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. மனித இலியம் குட்டையாகி, பக்கவாட்டில் சுருண்டு, தசையையும் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்த மாற்றம் எவ்வளவு பழையது என்பதை 1974இல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் கிடைத்த லூசி சொல்கிறாள். சுமார் 32 லட்சம் ஆண்டுப் பழமையான அந்த எலும்புக்கூட்டில் இடது இடுப்பெலும்பும், முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்பும் கிடைத்தன. மூளை சிறியது, இடுப்போ நம்முடையதைப்போல் குட்டை, அகலம். நிமிர்ந்து நடந்தது முதலில், பெரிய மூளை வந்தது மிகப் பின்னால் என்பதற்கு அந்த எலும்பும் ஒரு சாட்சி.

இலியத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விசிறியின் நடுவில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். ஆனால் மேல்விளிம்பில், முன்முனையிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் உள்ள புடைப்பிலிருந்து கிண்ணம்வரை ஒரு தூண்போல் தடித்திருக்கும். மீடியஸ் இழுக்கும் பாதை அது.

பிட்டத்தில் ஊசி போடுகிறவர்கள் மேல்-வெளிக் கால்பகுதியில் குத்த வேண்டும் என்பதும் இந்த முகத்தின் விஷயம்தான். கீழ்-உட்பகுதியில் கட்டைவிரல் பருமனுக்குச் சயாட்டிக் நரம்பு இறங்குகிறது. அதில் மருந்து பட்டால் பாதம் தூக்க முடியாமல் போகலாம். மேல்-வெளிப் பகுதியில் மீடியஸின் சதைதான் இருக்கிறது.

முன்பக்கம் வருவோம். சுவரைத் தொட்ட அந்த முன்மேல் முனையில் சர்டோரியஸ் தொடங்குகிறது. உடம்பிலேயே நீளமான தசை. தொடையின் குறுக்கே இறங்கி முழங்காலின் உட்பக்கம் போய்ச் சேரும். சர்டோரியஸ் என்றால் தையல்காரன் தசை. ஐரோப்பியத் தையல்காரர்கள் காலை மடக்கி உட்கார்ந்து தைத்ததால் வந்த பெயர் என்பார்கள். நாம் பெயர் வைத்திருந்தால் சம்மணத் தசை என்று வைத்திருப்போம்.

அதே முனையிலிருந்து பியூபிஸ் குமிழ்வரை கயிறு கட்டியதுபோல் ஓடுவது தொடையிடுக்கு லிகமென்ட். உண்மையில் அது தனிக் கயிறு அல்ல. வயிற்றின் வெளிச்சாய்வுத் தசையின் கீழ்விளிம்பு மடிந்து தடித்தது. அதன் அடியில் காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்பும், இலியத்தின் உட்குழியை நிரப்பியிருக்கும் இலியாக்கஸ் தசையும், முதுகெலும்பிலிருந்து வரும் சோவாஸ் தசையும் நுழைகின்றன. குடலிறக்கத்தில் வீக்கம் பியூபிஸ் குமிழுக்கு மேலா கீழா என்று விரல்வைத்துப் பார்ப்பது ஏன் என்றால், மேலே உள்புறமாக வந்தால் ஒரு வகை, கீழே வெளிப்புறமாக வந்தால் வேறு வகை. இரண்டாவது சிக்கிக்கொள்ளும் ஆபத்து கூடியது. காசநோய் முதுகெலும்பைத் தாக்கும்போது சீழ் சோவாஸின் உறைக்குள் வழுக்கி இறங்கித் தொடை இடுக்கில் கட்டியாகத் தலைகாட்டுவதும் இந்தப் பாதையில்தான். முதுகில் நோய், தொடையில் வீக்கம். முன்முனையை ஒட்டி வெளித்தொடைக்குப் போகும் சிறு உணர்வு நரம்பும் உண்டு. பாவாடை நாடாவையோ பெல்ட்டையோ மிக இறுக்கிக் கட்டுகிறவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கம் மரத்து எரிவது அது நசுங்குவதால்.

அந்த முனைக்குக் கீழே இன்னொரு முனை. அங்கே ரெக்டஸ் ஃபெமோரிஸ் பிடித்திருக்கிறது. பந்தை உதைக்கும் தசை. பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து இருபதுவரை இந்த முனைகள் இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும். தசையோ அதற்குள் பெரியவர்களுடையதுபோல் வளர்ந்துவிடும். வேகமாக உதைக்கும்போது தசை கிழியாது, எலும்பின் துண்டே பிய்ந்து வரும். ஓட்டக்காரப் பையனுக்கு மேல்முனை, கால்பந்துப் பையனுக்குக் கீழ்முனை, தடை தாண்டும் பெண்ணுக்கு உட்காரும் எலும்பு. விளையாட்டில் 'டப்' என்று சத்தம் கேட்டதாகச் சொல்லும் பிள்ளையைத் தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

கீழ்முனையிலிருந்தே இலியோஃபெமோரல் லிகமென்டும் புறப்படுகிறது. தலைகீழ் ஒய் வடிவில் மூட்டின் முன்னால் விரிந்து தொடை எலும்பில் ஒட்டுகிறது. பாஸ்டன் அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ 1869இல் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர் பெயரும் இதற்கு உண்டு. உடம்பிலேயே வலுவான லிகமென்ட் என்று இதைத்தான் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கும்போது உடம்பின் எடை மூட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அப்படியே பின்னால் மடங்காமல் இந்தப் பட்டை இறுகித் தாங்கிக்கொள்கிறது. கல்யாண வீட்டுப் பந்தி வரிசையில் அரைமணி நேரம் தசை அதிகம் சோராமல் நிற்க முடிவது இதனால். இதோடு பியூபிஸிலிருந்து ஒன்று, இஸ்கியத்திலிருந்து ஒன்று என மேலும் இரண்டு பட்டைகள் மூட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகின்றன. காலை நீட்டினால் மூன்றும் முறுக்கேறி இறுகும், மடக்கினால் தளரும். காரில் உட்கார்ந்திருக்கும்போது மோதி முழங்கால் முன்பலகையில் இடித்தால் தொடைப் பந்து பின்பக்கமாக நழுவுவது, பட்டைகள் தளர்ந்திருக்கும் நிலை அது என்பதால்தான்.

பின்பக்கம் இடுப்பெலும்பு திரிக எலும்போடு சேர்கிறது. சேரும் முகம் காது வடிவில் கரடுமுரடாக இருக்கும். அசைவு ஓரிரு மில்லிமீட்டர்தான். மேலுடம்பு முழுவதின் எடையும் முதுகெலும்பு வழியாக வந்து இங்கே இரண்டாகப் பிரிகிறது. திரிக எலும்பை நிறுத்தி வைத்திருப்பது பெரும்பாலும் லிகமென்ட்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் புதைந்திருக்கும் தடித்த பட்டை முதல் ஆதாரம். ஆனால் எடை மேல்முனையில் விழும்போது திரிக எலும்பு முன்னால் கவிழப் பார்க்கும். வால் பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்கக் கீழிருந்து இரண்டு பட்டைகள்: ஒன்று உட்காரும் எலும்பிலிருந்து திரிகத்துக்கு, மற்றொன்று இஸ்கியத்தின் முள்ளிலிருந்து திரிகத்துக்கு. வண்டியின் முன்பாரம் தாழாமல் பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டுவதுபோல.

எலும்பை மட்டும் பார்த்தால் பின்பக்கம் இரண்டு வெட்டுகள் தெரியும், மேலே பெரியது, கீழே சிறியது, நடுவில் அந்த முள். பட்டைகள் கட்டியதும் இரண்டு வெட்டுகளும் இரண்டு வாசல்களாகிவிடும். பெரிய வாசலை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு பிரிஃபார்மிஸ் தசை வெளியே போகிறது. அதன் கீழே நழுவி இறங்குவது சயாட்டிக் நரம்பு. சிறிய வாசலில் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ். இது இடுப்பெலும்பின் உட்சுவரில் தொடங்கி, சிறிய வெட்டின் விளிம்பில் கப்பியில் கயிறு திரும்புவதுபோல் ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்பித் தொடை எலும்புக்குப் போகிறது. அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தால் தசைநாண் உரசிய வரிப்பள்ளங்கள் தெரியும். பட்டியலில் வெறும் பெயராகப் படித்த தசை எனக்கு உயிர் பெற்றது அந்த வரிகளைத் தொட்டபோதுதான்.

முள் சின்னதுதான், ஆனால் பிரசவ அறையில் அதற்குத்தான் மதிப்பு. குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை இரண்டு பக்க முட்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். தலை முள்ளின் மட்டத்தில் இருந்தால் சுழியம். கீழே வந்தால் கூட்டல், மேலே நின்றால் கழித்தல், சென்டிமீட்டர் கணக்கில். பிறப்புறுப்புப் பகுதிக்குப் போகும் பியூடெண்டல் நரம்பு இந்த முள்ளைச் சுற்றிக்கொண்டு போவதால், விரலால் முள்ளைத் தொட்டு அங்கே மரப்பு மருந்து போடவும் முடிகிறது. இடுப்பின் அடித்தளமாகத் தொட்டில்போல் விரிந்து உறுப்புகளைத் தாங்கும் தசைகளும் முன்னால் பியூபிஸையும் பின்னால் இந்த முள்ளையும் பிடித்துத் தொங்குகின்றன. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்லக் கூசும் பெண்களுக்குத் தளர்ந்திருப்பது பெரும்பாலும் அந்தத் தொட்டில். பயிற்சியால் அதை வலுப்படுத்தலாம், அதற்குக் கூச வேண்டியதில்லை.

உட்காரும் எலும்பு, அதாவது இஸ்கியத்தின் பெரிய புடைப்பு. மேல்பாதியில் தொடையின் பின்பக்கத் தசைகளான ஹாம்ஸ்ட்ரிங் மூன்றும் பிடித்திருக்கின்றன. வெளிப்பக்கம் செமிமெம்பரனோசஸ், உட்பக்கம் செமிடெண்டினோசஸும் பைசெப்ஸின் நீளத் தலையும் ஒரே தசைநாணாக. கீழ்ப்பாதியில் வெளியே அடக்டர் மேக்னஸ். மீதியுள்ள உட்பகுதியில் தசை எதுவும் கிடையாது, கொழுப்பும் நாரும் மட்டும்தான். நாம் உட்காரும் இடம் அதுதான். நிற்கும்போது பிட்டத் தசை இந்தப் புடைப்பை மூடியிருக்கும். உட்கார்ந்ததும் மேலே விலகிவிடும். அங்கே உராய்வைக் குறைக்க ஒரு திரவப் பை இருக்கிறது. அது வீங்கினால் ஆங்கில மருத்துவ நூல்களில் 'நெசவாளர் பிட்டம்' என்பார்கள். கடினமான பலகையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்து வேலை செய்கிறவர்களுக்கு வருவது. காஞ்சிபுரம் குழித்தறியில் ஒரு பட்டுப்புடவை முடியும்வரை உட்காருகிறவரை நினைத்தால் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. இப்போது கணினி முன்னால் உட்காருகிறவர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள்.

பியூபிஸைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேலிருந்து வயிற்றின் நேர்த்தசை வந்து பிடிக்கிறது, கீழிருந்து தொடையை உட்பக்கம் சேர்க்கும் தசைகளான பெக்டினியஸ், அடக்டர் லாங்கஸ், பிரெவிஸ், கிராசிலிஸ் ஆகியவை. ஒரே சின்ன எலும்பை மேலும் கீழுமாக இழுப்பதால்தான் கால்பந்து, ஹாக்கி ஆடுகிறவர்களுக்குத் தொடையிடுக்கு வலி ஆறாமல் படுத்துகிறது. அந்தப் பெரிய ஓட்டையை ஒரு சவ்வு மூடி, உள்ளும் புறமும் தசை பிடிக்க இடம் கொடுக்கிறது. மேல் மூலையில் மட்டும் ஒரு சிறு சந்து. அதன் வழியே போகும் ஆப்டுரேட்டர் நரம்பு தொடை மூட்டுக்கும் கிளை கொடுக்கிறது, முழங்காலுக்கும் கொடுக்கிறது. எனவே முழங்கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வரும் குழந்தைக்கு முழங்காலில் ஒன்றும் தெரியாவிட்டால், உடனே இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும். தவறவிட்டால் மூட்டே கெட்டுப்போகும் நோய்கள் அங்கே ஒளிந்திருக்கலாம்.

இரண்டு பியூபிஸும் நடுவில் நார்க்குருத்தால் சேர்வதோடு வளையம் முழுமையாகிறது. கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் மட்டும் உடைவது அரிது. விபத்தில் இடுப்பு முன்னால் உடைந்திருந்தால் பின்னாலும் ஏதாவது விட்டிருக்கிறதா என்று தேடுவது அதனால்தான். பின்சுவரை ஒட்டிய சிரை வலை கிழிந்து உள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் கசியலாம், வெளியே ஒன்றும் தெரியாது. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பட்டையைப் போடும் இடத்திலும் அடிக்கடி தவறு நடக்கிறது. குடம் உட்காரும் வரப்பில் அதைக் கட்டக் கூடாது. அதற்குக் கீழே, தொடை எலும்பின் வெளிமேடுகளின் மட்டத்தில் கட்ட வேண்டும். அங்கே இறுக்கினால்தான் வளையம் மூடும்.

என் முதலாண்டு எலும்புப் பெட்டி ஒரு சீனியரிடம் வாங்கியது, அவர் அவருடைய சீனியரிடம் வாங்கியது. பல வருடம் கழித்து, எதையோ தேடும்போது பெட்டி கையில் கிடைத்தது. அதே வலது இடுப்பெலும்பு. மேல்விளிம்பு முழுக்க ஒட்டியிருந்தது; அப்படியானால் இருபது இருபத்தைந்தைத் தாண்டிய ஆள். டாட் என்ற உடற்கூறியலாளர் 1920இல் பியூபிஸ் சேரும் முகத்தின் மாற்றங்களை வயதுவாரியாக வகுத்துக் காட்டினார்: இளம்வயதில் உழுத வயல்போல் வரிகள், வயது ஏற ஏற வரி மறைந்து விளிம்பு கட்டும். இந்த முகத்தில் வரி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. காது வடிவ முகத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். 1969இல் ஃபெனிஸ் என்ற மானிடவியலாளர் காட்டிக்கொடுத்த அடையாளமான வளைகோடு, பியூபிஸின் முன்முகத்தில் மெல்லிய வரப்பாக விரலில் தட்டியது. அது ஆண்களின் எலும்பில் அநேகமாக இருக்காது. கடைசியாக, மாணவர்கள் செய்யும் எளிய சோதனை. பின்பக்கத்துப் பெரிய வெட்டுக்குள் கட்டைவிரலை வைத்து அசைத்துப் பார்ப்பது. ஆண் எலும்பில் விரல் சிக்கி நிற்கும்.

இதில் தாராளமாக ஆடியது.